பள்ளிக்காக ஊரைக் கேட்டவர் – ஹோரஸ் மான்

ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா? வேண்டுமென்றால் அது ஆண்டுக்கு எத்தனை மாதம் நடக்க வேண்டும்? ஆசிரியருக்குச் சம்பளம் எவ்வளவு? கூரை ஒழுகினால் பணம் யார் கொடுப்பது? நம் நாட்டில் இக்கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் சட்டமன்றத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் கல்வித்துறையின் ஆணைகளிலும் அடங்கிவிடுகின்றன. வாக்களித்து உறுப்பினரை அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பள்ளிச் செலவுக்கென்று தனியே யாரும் நம்மிடம் வாக்குக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல மாநிலங்களில் பள்ளிக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதை ஊர்மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கின்றனர். இன்று நேற்று வந்த வழக்கமன்று அது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. அவ்வழக்கத்தின் நன்மையையும் தீமையையும் தம் வாழ்நாளெல்லாம் நேரில் கண்டு, வாக்காளரின் உள்ளத்தை மாற்றுவதையே தம் தொழிலாகக் கொண்ட ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்கப் பொதுப்பள்ளியின் தந்தை என்று போற்றப்பெறும் ஹோரஸ் மான். அவர் வரலாறு கல்லூரி மாணவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஊர்க்கூட்டம்

மான் பிறந்த மாசசூசெட்ஸ் மாநிலம் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ளது. அம்மாநிலம் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்தபோதே, 1647ஆம் ஆண்டில், அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்பது அச்சட்டம். ஆசிரியரின் ஊதியத்தைப் பெற்றோர் தருவதா, ஊர் முழுவதும் சேர்ந்து தருவதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு ஊரிடமே விடப்பட்டது.

ஊரின் முடிவுகளெல்லாம் ஊர்க்கூட்டத்தில் எடுக்கப்பட்டன. கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்களை முன்கூட்டியே பட்டியலிட்டு அறிவிப்பார்கள். சாலை, பாலம், ஏழைகளுக்கான உதவி என்னும் வரிசையில் பள்ளியும் ஒன்றாக இருக்கும். ஒருவர் தலைமை தாங்குவார். வாக்காளர் எழுந்து பேசுவர். பின் வாக்கெடுப்பு நடக்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதுபோன்றது இது. ஆனால் தேருக்கு வடம் பிடிக்க எல்லாரும் முன்வருவர். வரிக்குக் கை தூக்க எல்லாரும் முன்வருவரா?

காலப்போக்கில் ஊர்கள் தம் எல்லையைச் சிறு சிறு பள்ளி வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டன. 1789ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இசைவளித்தது. 1800இல் வட்டாரங்களுக்கே வரி விதிக்கும் உரிமை கிடைத்தது. ஒரு பள்ளி, அதைச் சுற்றிச் சில பத்துக் குடும்பங்கள், அவர்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு என்று ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரரின் கஞ்சத்தனம் ஒரு குழந்தையின் கல்வியைக் குறைக்கக்கூடிய நிலை அது.

வைக்கோல் பின்னிய சிறுவன்

ஹோரஸ் மான் 1796ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் மாசசூசெட்ஸிலுள்ள பிராங்க்ளின் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் மான் உழவர். ஹோரஸுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, 1809இல், தந்தை மறைந்தார். அடுத்த ஆண்டு அண்ணன் ஒருவன் நீரில் மூழ்கி இறந்தான். வறுமையும் துயரமும் சூழ்ந்த இளமை அது. அவ்வூரில் தொப்பி செய்வதற்காக வைக்கோலைப் பின்னிக் கொடுப்பது வீட்டுத் தொழில். சிறுவன் ஹோரஸ் வைக்கோல் பின்னிச் சம்பாதித்த காசில் தன் பள்ளிப் புத்தகங்களை வாங்கினான். ஆண்டுக்குச் சில வாரங்களே பள்ளிக்குச் செல்ல முடிந்தது. மற்ற நாள்களெல்லாம் வயல் வேலை.

ஆனால் அவ்வூருக்கு ஒரு பேறு வாய்த்திருந்தது. அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினின் பெயரைத் தம் ஊருக்குச் சூட்டிய மக்கள், தேவாலயத்துக்கு ஒரு மணி வாங்கித் தருமாறு அவரைக் கேட்டனர். அவரோ மணிக்குப் பதிலாகப் புத்தகங்களை அனுப்பி வைத்தார். வந்தவை 116 நூல்கள். அவற்றை யார் யார் எடுத்துப் படிக்கலாம் என்று ஊரில் வழக்கு எழுந்தது. 1790ஆம் ஆண்டு ஊர்க்கூட்டம் கூடி, ஊரார் அனைவரும் கட்டணமின்றி எடுத்துப் படிக்கலாம் என்று வாக்களித்து முடிவு செய்தது. அப்போது ஹோரஸ் பிறக்கவே இல்லை. தமக்குப் பின்னால் பிறக்கப்போகும் ஒரு சிறுவனுக்காக அன்று தாங்கள் கை தூக்குவதாக அந்த மக்கள் நினைத்திருக்கமாட்டார்கள். எனினும் பள்ளி தராத கல்வியை அந்நூல்களே அவருக்குத் தந்தன. ஊரின் ஒரு வாக்கு ஒரு வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்கு அவரே முதற்சான்று.

ஊர் ஊராகச் சென்று கற்பித்த ஓர் ஆசிரியரிடம் சில மாதங்கள் பாடங்கேட்டு, 1816இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார் ஹோரஸ். 1819இல் வகுப்பில் முதல்வராகப் பட்டம் பெற்றார். சிறிது காலம் அங்கேயே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பின்னர்ச் சட்டம் பயின்று 1823இல் வழக்கறிஞரானார்.

சட்டமன்றத்திலிருந்து பள்ளிக்கு

1827இல் மான் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மனநோயாளிகள் சிறைகளில் அடைக்கப்பட்டுக் கிடந்த காலம் அது. அவர்களுக்கென வூஸ்டர் நகரில் மருத்துவமனை அமைப்பதற்கு முன்னின்று உழைத்தார். அம்மருத்துவமனை 1833இல் திறக்கப்பட்டது. இடையில் அவர் சொந்த வாழ்வில் இடி விழுந்தது. 1830இல் மணந்த சார்லட் என்னும் நங்கை இரண்டே ஆண்டுகளில் இறந்தார். உடன்பிறந்தார் ஒருவரின் தொழில் நொடித்துப்போக, அந்தக் கடனும் மானின் தலையில் விழுந்தது. அலுவலக அறையிலேயே படுத்துறங்கி, உணவைச் சுருக்கிக் கடனை அடைத்தார். இத்தனைக்கும் நடுவே மாநில மேலவையின் தலைவராகவும் உயர்ந்தார்.

1837ஆம் ஆண்டு ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விக் குழு சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் செயலாளராக வருமாறு எட்மண்ட் டுவைட் என்னும் ஆலை அதிபர் மானை வற்புறுத்தினார். மேலவைத் தலைவராக இருந்தவர். வழக்கறிஞர் தொழிலில் நல்ல வருவாய் உடையவர். நாளை மாநில ஆளுநராகவும் ஆகக்கூடியவர். அப்படிப்பட்டவர் ஆண்டுக்கு 1500 டாலர் ஊதியத்தில் ஒரு செயலாளர் வேலைக்குப் போவதா என்று நண்பர்கள் வியந்தனர். மானோ அப்பணியை ஏற்றுக்கொண்டார். சட்ட நூல்களை விற்றார். ஊர் ஊராகப் புறப்பட்டார்.

அதிகாரமில்லாப் பதவி

மாணவ நண்பர்களே! இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்விக் குழுவின் செயலாளர் என்றால் பெரிய அதிகாரி என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அவருக்கு ஓர் அதிகாரமும் கிடையாது. ஒரு பள்ளியைத் திறக்க முடியாது. ஓர் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ முடியாது. ஒரு ஊரைப் பார்த்து இவ்வளவு பணம் ஒதுக்கு என்று ஆணையிட முடியாது. செய்தி திரட்டலாம், திரட்டியதைப் பரப்பலாம், ஆண்டுக்கொரு அறிக்கை எழுதலாம். சட்டம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவே. பணம் ஒதுக்கும் உரிமை ஊர்க்கூட்டத்திலும் வட்டாரக் கூட்டத்திலும் கை தூக்கும் வாக்காளரிடமே இருந்தது.

மான் குதிரையேறி மாநிலமெங்கும் சுற்றினார். மாவட்டந்தோறும் கூட்டம் கூட்டினார். பல இடங்களில் சிலரே வந்தனர். பிட்ஸ்பீல்டு என்னுமிடத்தில் கூட்டத்துக்கு உரிய கட்டடம் பெருக்கப்படாமலே கிடந்தது. மாநில ஆளுநர் பிரிக்ஸும் மானும் துடைப்பம் வாங்கித் தாங்களே பெருக்கினார்களாம். பதவியின் பெருமையை அவர் எவ்வாறு கருதினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர் கண்ட பள்ளிகள் எப்படி இருந்தன? சாலையோரத்தில், நிழலுக்கு ஒரு மரமுமின்றி நின்ற சிறு கட்டடங்கள். சுவரின் இடுக்கு வழியே குளிர் புகும். அடுப்பருகே இருந்த பிள்ளை வெந்துபோக, மூலையில் இருந்த பிள்ளை விறைத்துப்போகும். சாய்வில்லாத பலகைகளில் கால் தரையில் படாமல் குழந்தைகள் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தனர். 1838இல் பள்ளிக் கட்டடங்களைப் பற்றியே தனி அறிக்கை ஒன்றை மான் எழுதினார். ஒதுக்கிய பணம் சிறிது. கிடைத்த பள்ளியும் அதற்கேற்றது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

பட்டியல் என்னும் படைக்கலம்

ஆணையிட முடியாதவர் என்ன செய்வார்? கணக்குப் போட்டார்! ஒவ்வோர் ஊரும் பள்ளிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியது, அவ்வூரில் நான்கு வயது முதல் பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டறிந்தார். முன்னதைப் பின்னதால் வகுத்தார். ஒரு பிள்ளைக்கு ஓர் ஊர் செலவிடும் தொகை கிடைத்தது. பிறகு மாநிலத்தின் ஏறத்தாழ முந்நூறு ஊர்களையும் அத்தொகையின்படி வரிசைப்படுத்தி அச்சிட்டு வெளியிட்டார்.

கணக்கு எளியது, பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய வகுத்தல்தான். ஆயினும் அதன் விளைவு பெரிது. அதுவரை ஓர் ஊர் தான் ஒதுக்கிய மொத்தத் தொகையைப் பார்த்துத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்தது. இப்போதோ பட்டியலில் தன் இடம் எது என்று தெரிந்துவிட்டது. நம்மைவிடச் சிறிய பக்கத்து ஊர் நமக்கு மேலே நிற்கிறதே என்னும் நாணம் பிறந்தது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. பணக்கார ஊர் எளிதில் மேலே வரும். ஏழை ஊர் எவ்வளவு முயன்றாலும் கீழே நிற்கும். ஆகவே, ஊரின் சொத்து மதிப்பில் எத்தனை பங்கைப் பள்ளிக்குக் கொடுக்கிறது என்று காட்டும் வேறொரு பட்டியலையும் பின்னர் வெளியிட்டார். இருப்பதில் எவ்வளவு கொடுத்தான் என்பதன்றோ கொடையின் அளவுகோல்!

அறிவியல் மாணவர்களாகிய நாம் எண்களோடு நாள்தோறும் பழகுகிறோம். எண் என்பது தேர்வுத்தாளில் விடையாக எழுதுவதற்கு மட்டுமன்று. ஓர் ஊரின் மனச்சான்றைத் தட்டியெழுப்பவும் உதவும் என்பதை ஹோரஸ் மான் காட்டினார்.

நூலகத்துக்கு ஒரு பாதி

வாக்காளரை நம்புவது மட்டும் போதாது என்பதையும் அவர் அனுபவத்தால் அறிந்தார். 1837ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒவ்வொரு பள்ளி வட்டாரமும் முதலாண்டில் 30 டாலரும் பின் ஆண்டுதோறும் 10 டாலரும் வரியாகத் திரட்டி நூலகம் அமைத்துக்கொள்ள இசைவளித்தது. செய்யலாம் என்றுதான் சட்டம் சொன்னது. செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பெரும்பாலான வட்டாரங்கள் கைகட்டிச் சும்மா இருந்தன. புத்தகங்களால் வளர்ந்த மானுக்கு இது பெருந்துயரம் தந்தது.

1842இல் மாநிலம் வேறு வழியைக் கண்டது. எந்த வட்டாரம் 15 டாலர் திரட்டுகிறதோ, அதற்கு மாநிலமும் 15 டாலர் தரும். நீ பாதி, நான் பாதி! தன் பங்கைக் கொடுக்க மறுத்தால் வரவேண்டிய பங்கும் கைநழுவிப் போகும் என்றதும் மக்கள் மனம் மாறியது, நூலகங்கள் தோன்றின. வாக்குரிமையைப் பறிக்காமலே வாக்காளரைத் தூண்டும் வழி இது. இன்றும் பல நாடுகளில் அரசுகள் இம்முறையைக் கையாளுகின்றன.

ஒரு வாக்கும் பின் ஒரு வாக்கெடுப்பும்

நல்லது செய்பவருக்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1839ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் மார்கஸ் மார்ட்டன் என்பவர் வென்றார். அவருக்குக் கிடைத்த பெரும்பான்மை ஒரே ஒரு வாக்கு! இலட்சம் பேருக்கு மேல் வாக்களித்த தேர்தலில் ஒரு வாக்கு ஆட்சியையே மாற்றியது. புதிய ஆளுநர் சிக்கனம் வேண்டுமென்றார். பள்ளிகளை ஊர்களின் பொறுப்பிலேயே விட்டுவிடலாம் என்னும் கருத்துடையவர் அவர். 1840இல் கல்விக் குழுவையே ஒழித்துவிட வேண்டும் என்று சட்டமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளையும் மூட வேண்டும் என்றது.

அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1839 ஜூலை 3ஆம் நாள், லெக்சிங்டனில் திறக்கப்பட்டிருந்தது. டுவைட் 10,000 டாலர் தர, மாநிலமும் அதே தொகை தந்து தொடங்கிய முயற்சி அது. முதல்நாள் வந்த மாணவியர் மூவரே! அச்சிறு செடியைப் பிடுங்கியெறிய முயன்றனர். வாக்கெடுப்பில் குழுவைக் காக்க 245 பேரும் ஒழிக்க 182 பேரும் வாக்களித்தனர். மானின் பணி பிழைத்தது.

எதிர்த்தவர்கள் எல்லாரும் கல்விக்குப் பகைவர்கள் என்று சொல்வது நேர்மையாகாது. தலைநகரில் இருக்கும் ஒரு குழு தங்கள் குழந்தைகள் படிக்கும் நூலையும் கற்கும் சமயத்தையும் முடிவு செய்யுமோ என்று அவர்கள் அஞ்சினர். பணத்தை நாங்கள் கொடுக்க, கட்டளையை வேறொருவர் இடுவதா என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆரெஸ்டஸ் பிரவுன்சன் போன்ற சிந்தனையாளரே அவ்வாறு எழுதினார். பின்னர் 1843இல் மேரி பீபடி அம்மையாரை மணந்து ஐரோப்பா சென்ற மான், பிரஷ்ய நாட்டுப் பள்ளிகளைப் பாராட்டித் தம் ஏழாம் அறிக்கையில் எழுதினார். அதனால் சினமுற்ற பாஸ்டன் நகரத்துப் பள்ளித் தலைவர்கள் 31 பேர் சேர்ந்து அவரைக் கண்டித்து நூல் வெளியிட்டனர். அவரும் விடாமல் மறுப்பெழுதினார். மென்மையாக விட்டுக்கொடுக்கும் இயல்பு அவருக்கு இல்லை.

வாக்கில்லாதவரின் வழக்கு

எனக்குப் பிள்ளை இல்லை. நான் ஏன் பள்ளிவரி கட்ட வேண்டும்? என் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டேன். ஊர்ப்பள்ளிக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? ஊர்க்கூட்டந்தோறும் எழுந்த கேள்விகள் இவை. செல்வர் கேட்ட இக்கேள்விக்கு மான் இருவகையில் விடை தந்தார்.

ஒன்று, பயன் பற்றியது. கல்வி பெற்ற தொழிலாளி கல்லாதவனைவிட நன்றாக வேலை செய்கிறானா என்று ஆலை முதலாளிகளிடமே கேட்டு, அவர்கள் தந்த விடைகளை ஐந்தாம் அறிக்கையில் வெளியிட்டார். பள்ளிவரி வீண் செலவன்று. ஊரின் முதலீடு என்பது அதன் சாரம்.

மற்றொன்று, அறம் பற்றியது. 1846ஆம் ஆண்டுக்கான பத்தாம் அறிக்கையில் அதனை விரித்துரைத்தார். நிலமும் நீரும் கனியும் எந்த ஒரு தலைமுறையும் உண்டாக்கியவை அல்ல. ஒரு தலைமுறை அவற்றை அடுத்த தலைமுறைக்காகக் காத்து வைத்திருக்கும் அறங்காவலரே. எனவே சொத்துடையவர் பிள்ளையுடையவரா இல்லையா என்பது கேள்வியன்று. பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் கல்வி பெறும் உரிமை உண்டு. அவ்வுரிமை ஊரின் சொத்தின்மேல் நிற்கிறது. அவர் கருத்தின் சுருக்கம் இது.

சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக் கணக்கின் வாக்கெடுப்பில் யாருக்கு மிகுந்த நன்மையோ தீமையோ விளையும்? குழந்தைக்கு. யாருக்கு வாக்கு இல்லை? அதே குழந்தைக்கு! பள்ளிக்கு வாக்களிப்பவர் எவராயினும் பிறருக்காகவே வாக்களிக்கிறார். சாலைக்கு வாக்களிப்பவர் அதில் தாமே நடப்பார். பள்ளிக்கு வாக்களிப்பவரோ அந்தப் பலகையில் இனி அமரப்போவதில்லை. இந்த வேறுபாட்டை மக்களுக்கு உணர்த்துவதிலேயே மான் தம் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிட்டார் எனலாம்.

அவ்வாண்டுகளின் பயன் என்ன? பள்ளிகளுக்கு ஊர்கள் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. கட்டடங்களுக்கு மட்டும் இருபது இலட்சம் டாலருக்கு மேல் செலவிடப்பட்டது. சுமார் ஐம்பது உயர்நிலைப் பள்ளிகள் புதியனவாகத் தோன்றின. ஆசிரியர் ஊதியம் ஆண்களுக்கு நூற்றுக்கு 62 பங்கும், பெண்களுக்கு 51 பங்கும் உயர்ந்தது. ஓர் ஆணையும் பிறப்பிக்க முடியாதவர் சாதித்தவை இவை.

நிறைவும் குறையும்

மானின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்து வாக்குரிமை ஆண்களுக்கே உரியது. பள்ளிகளில் கற்பித்தவருள் பெரும்பாலோர் பெண்களாகிவிட்ட காலத்திலும், தங்கள் ஊதியத்தைத் தீர்மானித்த கூட்டங்களில் கை தூக்கும் உரிமை அப்பெண்களுக்கு இல்லை. பெண்களின் ஊதியம் ஆண்களின் ஊதியத்துக்கு மிகக் கீழேயே நின்றது. குறைந்த செலவில் ஆசிரியர் கிடைப்பதும் பெண்கள் அமர்த்தப்பட்டதற்கு ஒரு காரணம். பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை மாசசூசெட்ஸ் பெண்கள் 1879இல்தான் பெற்றனர். கறுப்பினக் குழந்தைகளைப் பாஸ்டன் நகரம் தனிப்பள்ளிகளில் ஒதுக்கி வைத்தபோது மான் வாய் திறக்கவில்லை என்று வெண்டல் பிலிப்ஸ் போன்ற அடிமை ஒழிப்பு வீரர்கள் அவரைக் கடிந்தனர். அந்த அநீதியை 1855இல் சட்டம்தான் நீக்கியது.

எனினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1848இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மறைய, அவர் இடத்துக்கு நாடாளுமன்றம் சென்ற மான் அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தார். தம் மாநிலத்தின் பெருந்தலைவர் டேனியல் வெப்ஸ்டரையே 1850இல் எதிர்த்து நின்றார். 1852இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1853இல் ஓகையோ மாநிலத்தில் புதிதாகத் தொடங்கிய அண்டியாக் கல்லூரியின் முதல் தலைவரானார். அங்கே ஆணும் பெண்ணும் சமமாகப் படித்தனர். கறுப்பின மாணவரும் சேர்க்கப்பட்டனர். பெண் பேராசிரியர் ஆண்களுக்கு நிகரான ஊதியம் பெற்றார்.

ஆனால் காசுக் கணக்கு அங்கும் அவரை விடவில்லை. நூறு டாலர் கொடுத்தவர் என்றென்றும் ஒரு மாணவரைக் கட்டணமின்றிப் படிக்க வைக்கலாம் என்று சீட்டு விற்றுத் தொடங்கிய கல்லூரி அது. அப்படிப்பட்ட கணக்கு எங்ஙனம் நிற்கும்? 1859இல் கல்லூரி கடனுக்காக ஏலம் விடப்பட்டது; நண்பர்கள் மீட்டனர். அந்தப் போராட்டத்தில் தேய்ந்த உடலோடு, 1859 ஆகஸ்டு 2ஆம் நாள், அறுபத்துமூன்றாம் வயதில் மான் மறைந்தார். பாஸ்டனிலுள்ள சட்டமன்றக் கட்டடத்தின் முன்னே அவருக்குச் சிலை உண்டு. அவர் எதிர்த்த வெப்ஸ்டரின் சிலையும் அங்கேயே நிற்கிறது!

பெவர்லி தந்த பாடம்

மான் மறைந்து ஓராண்டும் நிறையவில்லை. 1860ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் மாசசூசெட்ஸின் பெவர்லி என்னும் ஊரில் கூட்டம் கூடியது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியை மூடிவிடலாமா என்பது கேள்வி. மூட வேண்டும் என்றோர் 249 பேர். வேண்டாம் என்றோர் 143 பேர். பள்ளி மூடப்பட்டது!

மூடச் சொன்னவர் யார்? ஊர்ச் செல்வரா? அல்லர். செல்வருள் பெரும்பாலோர் பள்ளிக்கு ஆதரவாகவே வாக்களித்தனர். உழைக்கும் மக்கள்தாம் எதிர்த்து நின்றனர். ஏன்? உயர்நிலைப் பள்ளிக்கு எல்லாரும் வரி கொடுத்தனர். ஆனால் பதினான்கு வயதில் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை அதன் வாசலை மிதிப்பது எப்படி? வரி நம் வீட்டிலிருந்து, படிப்பு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்றால் யாருடைய கை உயரும்? அவர்களைக் கல்வியின் அருமை அறியாதவர் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்போன்றோருக்கு அவர்கள் நிலை நன்றாகவே விளங்கும். ஒரு பிள்ளை படிக்கிறது என்றால், அந்தப் பிள்ளை கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியை அந்த வீடு இழக்கிறது. கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் பள்ளி இலவசமாகிவிடாது. இந்த உண்மையை மானின் பட்டியல் எடுத்துக்காட்டவில்லை. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு என்று அது காட்டியது. எந்தப் பிள்ளைக்குச் செலவு என்று காட்டவில்லை.

இன்றும் அந்த வாக்கெடுப்பு ஓயவில்லை. மாசசூசெட்ஸில் பள்ளி வட்டாரங்கள் 1882இல் ஒழிக்கப்பட்டுப் பொறுப்பு முழுவதும் ஊர்களுக்கு வந்தது. 1980இல் அம்மாநில மக்களே வாக்களித்து, ஓர் ஊரின் சொத்துவரி வருவாய் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை பங்குக்கு மேல் உயரக் கூடாது என்று ஒரு வரம்பைச் சட்டமாக்கினர். அவ்வரம்பைத் தாண்ட விரும்பும் ஊர் தன் வாக்காளரிடம் வாக்குக் கேட்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பெரும்பாலான பள்ளி வட்டாரங்களில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பள்ளியின் வரவு செலவுத் திட்டம் மக்கள் வாக்குக்கு வைக்கப்படுகிறது. அங்கே வாக்களிக்க வரும் முதியவர், பிள்ளையில்லாதவர், வாடகை வீட்டுக்காரர் எல்லாருடைய முன்னும் நிற்பது மான் எழுப்பிய அதே கேள்விதான்.

ஹோரஸ் மான் வாக்காளரை வெறுக்கவில்லை. அவர்கள் உரிமையைப் பறிக்கவும் முயலவில்லை. அவர்கள் கண்முன் கணக்கை வைத்தார், குழந்தையை வைத்தார், பிறகு கை தூக்கச் சொன்னார். அவர் விட்டுச்சென்ற பணியின் மறுபாதியை பெவர்லி ஊரார் சொல்லாமல் சொன்னார்கள். பள்ளி எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும்படி இருந்தால், அதற்காக எல்லார் வீட்டுக் கையும் உயரும். பொதுப்பணத்தில் நடக்கும் கல்லூரியில் படிக்கும் நாம் ஒவ்வொருவரும், நாம் பிறவாத காலத்தில் யாரோ கொடுத்த வரியில் படிக்கிறோம். நாளை நமக்கும் வாக்கு உண்டு. வரி கட்டும் நாளும் வரும். அப்போது நம் கை யாருக்காக உயரும் என்பதே நம் கல்விக்கு வைக்கப்படும் உண்மையான தேர்வு.